தொய்வு எந்த ஆழத்தில் இருக்கிறது? சருமத் தளர்ச்சி, பெரிய துளைகள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

தாடையோரம் தொங்கத் தொடங்கும் தோல், மூக்கிலும் கன்னத்திலும் பளிச்சென்று தெரியும் துளைகள், இவற்றுக்குக் கத்தி வைக்காமல் செய்யும் சிகிச்சைகள். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே இவற்றைப் பற்றியவைதான். பதில் தருகிறார்கள் நம் தோல் மருத்துவக் குழுவினர்.

எனக்கு 46 வயது. தாடைக்கோடு முன்பு போல் இல்லை. இரண்டு பக்கமும் தோல் லேசாக இறங்கியிருக்கிறது. கிளினிக்கில் விசாரித்தால், “ஒரே சிட்டிங் ஹைஃபூ போதும், பத்து வயது குறைந்துவிடும்” என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்?

லேசான தொய்வுக்கு ஹைஃபூ, அதாவது ஒலி அலைகளைக் குவித்துத் தோலுக்கு அடியில் சூடாக்கும் முறை, நல்ல சிகிச்சைதான். பத்து வயது குறையும் என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் தொய்வு எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்பதை.

முகத்தில் மேலே மெல்லிய மேல்தோல். அதன் கீழே கொலாஜனும் எலாஸ்டினும் பின்னிக் கிடக்கும் உள்தோல். அதற்கடியில் கொழுப்பு, பிறகு தசையைப் போர்த்தியிருக்கும் நார்ப்படலம், எல்லாவற்றுக்கும் கீழே எலும்பு. வயதாக ஆக இவை எல்லாமே மாறுகின்றன. கொலாஜன் குறைகிறது, நார்ப்படலம் தளர்கிறது, கன்னத்துக் கொழுப்பு வற்றுகிறது, தாடை எலும்புகூடக் கொஞ்சம் சுருங்குகிறது. இவற்றில் ஹைஃபூ வேலை செய்வது உள்தோலிலும் நார்ப்படலத்திலும் மட்டும். கொழுப்பு வற்றியதால் இறங்கிய கன்னத்தை அதனால் தூக்க முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி முன் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு விரல்களைக் காதுக்கு முன்னால் வைத்து, தோலை மேலும் பின்னுமாக அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள். அந்தச் சின்ன அசைவிலேயே தாடைக்கோடு தெளிந்துவிட்டால், கருவிச் சிகிச்சையில் பலன் எதிர்பார்க்கலாம். இரண்டு சென்டிமீட்டர் இழுத்தால்தான் சரியாகிறது என்றால் அது அறுவை சிகிச்சையால் மட்டுமே ஆகக்கூடிய வேலை. இது தோராயமான கணக்குதான். ஆனாலும் வீண் செலவு எவ்வளவோ மிச்சமாகும்.

பூதக்கண்ணாடி வெயிலை ஒரே புள்ளியில் குவிப்பதைப் போல, ஹைஃபூ கருவி ஒலி அலைகளைத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் மட்டும் வெப்பம் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், மேல்தோல் தப்பிவிடும். சூடுபட்ட கொலாஜன் அப்போதே சுருங்கும். பிறகு அந்த நுண்காயம் ஆறும் போக்கில் புதுக் கொலாஜன் உருவாகும். எந்த ஆழத்தில் புள்ளி விழ வேண்டும் என்பதைக் கருவியின் கார்ட்ரிட்ஜ் தீர்மானிக்கிறது: 4.5 மில்லிமீட்டர் நார்ப்படலத்துக்கு, 3.0 உள்தோலின் அடிப்பகுதிக்கு, 1.5 மேலோட்டமான சுருக்கங்களுக்கு. தாடைத் தொய்வுக்கு முக்கியமானவை முதல் இரண்டும். நெற்றியில் எலும்பு பக்கத்திலேயே இருப்பதால் அங்கே 4.5 வைத்தால் வலி அதிகம், பலன் குறைவு.

முகமும் கழுத்தும் சேர்த்துச் செய்ய 60 முதல் 90 நிமிடம் ஆகும். ஜெல் தடவி, கருவியின் தலையைத் தோலோடு முழுக்கப் பதித்து, கோடு கோடாகச் சுடுவார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் சுருக்கென்று ஒரு வலி இருக்கும், தாடை எலும்போரம் பல்லுக்குள் இறங்குவது போலத் தெரியும். சிவப்பு சில மணி நேரத்தில் அடங்கும். அழுத்தினால் வலிப்பது ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம்.

பலன் அன்றைக்கே தெரியாது. முதல் நாள் முகம் இறுகியது போல் தெரிவது பெரும்பாலும் வீக்கம். உண்மையான மாற்றத்தை 3 மாதத்தில் பாருங்கள். 6 மாதம் வரைகூடக் கூடிக்கொண்டே போகும். ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று மறுபடி சுடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இனி, எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். ஒல்லியான, கன்னம் ஒட்டிய முகத்தில் 4.5 அல்லது 3.0 கார்ட்ரிட்ஜை அதிக ஆற்றலில் ஓட்டினால், இருக்கிற கொழுப்பும் கரைந்து முகம் இன்னும் வயதானதாகத் தெரியும். இதைத் திரும்பப் பெறுவது கடினம். உங்களுக்குக் கன்னத்தில் சதை குறைவு என்றால் அந்தப் பகுதியை விட்டுவிட்டுத் தாடைக்கோட்டை மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது, தாடையின் விளிம்பில் ஓடும் முகநரம்புக் கிளை. அதன் மேல் வெப்பம் பட்டால் சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், ஆனால் அந்த நாட்கள் கஷ்டமானவை. மூன்றாவது, ஜெல் போதாமலோ கருவியின் தலை சாய்ந்திருந்தோ வெப்பம் மேலேயே தங்கி, வரிவரியான தீக்காயம் விழுவது.

ஆகவே, செய்யப் போகிறவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தெந்த ஆழத்தில் சுடப் போகிறீர்கள்? என் முகத்தில் எந்த இடத்தைத் தவிர்ப்பீர்கள், ஏன்? திரையில் தோலின் அடுக்குகளைப் பார்த்தபடி சுடும் கருவியா, பார்க்காமல் சுடுவதா? பார்த்துச் சுடும் கருவிக்கு, புருவம் தூக்குவதற்காக 2009-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. (மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பு) முதன்முதலாக அனுமதி தந்தது. ஹைஃபூ என்ற பெயரில் ஓடுகிற எல்லாக் கருவிகளும் அந்தத் தரம் இல்லை.

வயது 27. மூக்கு, கன்னம் முழுக்கப் பெரிய பெரிய துளைகள். ஆவி பிடித்துத் துளையைத் திறந்து, பிளாக்ஹெட் ஸ்ட்ரிப் போட்டு எடுத்து, ஐஸ் வைத்து மூடுகிறேன். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. லேசர் செய்துகொள்ளலாமா சார்?

உடனே லேசர் வேண்டாம் தம்பி. முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுவோம். சருமத் துளைக்குத் திறந்து மூட வாசலும் இல்லை, அதைச் சுருக்கத் தசையும் இல்லை. ஆவி உள்ளே இருக்கும் எண்ணெயை இளக்கும், ஐஸ் சிவப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். மூக்கில் சாம்பல் நிறத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரிபவை பலசமயம் பிளாக்ஹெட்டே அல்ல. எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து எண்ணெயை மேலே கொண்டுவரும் மெல்லிய இழைகள் அவை, எல்லோருக்கும் உண்டு. ஸ்ட்ரிப்பில் ஒட்டிப் பிடுங்கினால், சில வாரங்களில் மறுபடி நிறைந்துவிடும். பிடுங்கும் வேகத்தில் மேல்தோலும் உரியும். நம் நிறத் தோலில் அது கருமையாக நின்றுவிடும்.

துளை பெரிதாகத் தெரிவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள்: எண்ணெய் மிகுதி, துளையைச் சுற்றியுள்ள கொலாஜன் தளர்வது, மயிர்க்கால் இயல்பிலேயே பெரிதாக இருப்பது. கன்னத்தோலைக் காதுப் பக்கமாக லேசாக இழுத்துப் பாருங்கள். நீர்த்துளி போல நீண்டிருந்த துளை இழுத்ததும் மாறி மறைந்தால் அது தளர்ச்சியின் அடையாளம். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இருப்பது. இழுத்தாலும் உருண்டையாக, அடைத்துக்கொண்டு தெரிந்தால் எண்ணெய்தான் காரணம். உங்கள் வயதில் இதுவே வழக்கம். முகப்பரு விட்டுச் சென்ற குழி என்றால் ஓரம் கூர்மையாக இருக்கும். அது துளையே அல்ல, தழும்பு. அதற்கான வைத்தியம் வேறு.

எண்ணெயால் வந்த துளைக்கு முதல் மூன்று மாதம் இப்படிச் செய்யுங்கள். காலையும் இரவும் நுரை குறைவான மென்மையான ஃபேஸ்வாஷ். வாரம் மூன்று நாள் காலையில் 2 சதவீத சாலிசிலிக் அமிலம். இது எண்ணெயில் கரையும் தன்மை உடையதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். இரவில் 0.1 சதவீத அடாபலீன் ஜெல் (வைட்டமின் ஏ வகைக் களிம்பு). முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுதான்: நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து இடத்தில் பொட்டு வைத்து, பிறகு பரப்புங்கள். முகம் கழுவியதும் 15, 20 நிமிடம் காயவிட்டுத் தடவினால் எரிச்சல் குறையும். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு தினமும். மேலே எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசர்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். இரண்டாவது வாரம் தோல் உரியும், லேசாகச் சிவக்கும், பருவும் ஓரிரண்டு எட்டிப் பார்க்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டாம், நாளைக் குறையுங்கள், சாலிசிலிக்கை இரண்டு வாரம் ஓரம் வையுங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் போதவில்லை என்றால், அப்போது பீலிங் (அமிலம் பூசி மேல்தோலை உரியவைக்கும் சிகிச்சை) பற்றியோ கருவி பற்றியோ பேசுவோம். துளை ஒரேயடியாக மறைந்துபோகும் என்று யார் சொன்னாலும் அது நடக்காது. சிறியதாகத் தெரிய வைக்கலாம், அதுவே நல்ல வெற்றி.

துளைக்குச் சாலிசிலிக், அடாபலீன் எல்லாம் ஆறு மாதம் போட்டுவிட்டேன். டாக்டர் 30 சதவீத சாலிசிலிக் பீல், நான்கு சிட்டிங் என்கிறார். முகம் வெந்துவிடுமோ என்று பயம்.

சரியான கையில் வேகாது. முகத்தை ஸ்பிரிட்டில் துடைத்து எண்ணெய் நீக்கி, ஒரு கோட் தடவுவார்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் சுள்ளென்று எரியும், பிறகு தானே மரத்துப்போகும். சாலிசிலிக்கின் குணம் அது. முகத்தில் வெள்ளையாகப் பொடி பூத்தது போலத் தெரியும். அது ஸ்பிரிட் ஆவியான பின் நிற்கும் அமிலப் படிகம். விரலால் துடைத்தால் வந்துவிடும். துடைத்தும் போகாமல் தோலே வெளுத்திருந்தால் அமிலம் ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது உடனே சொல்ல வேண்டும். கிளைகாலிக் பீலில் படிகம் பூக்காது. நேரத்தைக் கணக்குப் பார்த்து நடுநிலையாக்கும் கரைசலால் நிறுத்த வேண்டும், தாமதித்தால் ஆழமாகிக்கொண்டே போகும்.

பீலிங்குக்கு ஒரு வாரம் முன்பே அடாபலீன், அதே வகைக் களிம்பான ட்ரெடினாயின் இரண்டையும் நிறுத்துங்கள். அந்த வாரம் முகத்தில் வேக்ஸிங், த்ரெடிங், ஷேவிங் வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் சாலிசிலிக் கூடாது. பின்பு 3 முதல் 5 நாள் தோல் உரியும். உரியும் தோலைப் பிடித்து இழுப்பவர்களுக்குத்தான் கறை நிற்கிறது. சிட்டிங்குக்கு இடையே 2 முதல் 4 வாரம் விடுங்கள்.

ரேடியோ ஃப்ரீக்வென்சி (ஆர்.எஃப்.), மைக்ரோநீட்லிங் ஆர்.எஃப்., ஹைஃபூ மூன்றையும் சொல்கிறார்கள். எனக்குத் தொய்வும் இருக்கிறது, துளையும் இருக்கிறது. எதைச் செய்வது?

மூன்றும் வெப்பம்தான், அந்த வெப்பம் போய்ச் சேரும் ஆழம் வேறு. சாதாரண ஆர்.எஃப். கருவி தோலைத் துளைக்காமல், மேலிருந்து மின்சாரத்தால் உள்தோலைச் சூடாக்கும். நடத்துபவர் கைப்பிடியை நிற்காமல் வட்டமாக நகர்த்தியபடி, மேல்தோலின் வெப்பத்தை 40 முதல் 42 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு சிட்டிங். மென்மையான பலன், மென்மையான ஆபத்து. ஒரே இடத்தில் கை நின்றாலோ ஜெல் காய்ந்தாலோ சூடு பிடிக்கும். முதுகிலோ தொடையிலோ பட்டை ஒட்டிச் செய்யும் வகையில், அந்தப் பட்டை முழுதாக ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பாதி பிரிந்த பட்டையில் மின்சாரம் குவிந்து, முகத்துக்குப் பதில் முதுகில் புண் வரும்.

தொய்வோடு துளையும் உள்ளவர்களுக்கு மைக்ரோநீட்லிங் ஆர்.எஃப். பொருத்தம். மெல்லிய ஊசிகள் உள்தோலுக்குள் இறங்கி, அங்கேயே வெப்பத்தை விடுகின்றன. துளைக்கு மேலோட்டமான ஆழம், தாடைக்குக் கூடுதல் ஆழம் என்று மாற்றி வைக்கலாம். மேல் பகுதி மின்காப்புப் பூசிய ஊசி என்றால் மேல்தோல் சூடாகாது; மாநிறம், கருநிறத் தோலுக்கு இது முக்கியம். ஒரு மணி நேரம் முன்பு மரத்துப்போகும் களிம்பு, பிறகு 30 நிமிட வேலை. 4 முதல் 6 வாரம் இடைவெளியில் மூன்று அல்லது நான்கு சிட்டிங். சிவப்பு இரண்டு மூன்று நாள், புள்ளிப் பொருக்கு ஒரு வாரம் வரை. ஊசி முனை உங்கள் கண் முன்னால் பிரித்த புதிய பாக்கெட்டாக இருக்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்து அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீர்கள். இந்தக் கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு வந்ததாகப் புகார்கள் சேர்ந்ததால் 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. ஊசி உள்ளே போகிறது. ஆகவே இது மருத்துவச் சிகிச்சை.

பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஆர்.எஃப். கூடாது. சூடுபடும் இடத்தில் உலோகத் தகடு, முகத்தில் போட்ட ஃபில்லர் ஊசி, பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை, அடிக்கடி உதட்டில் வரும் ஹெர்பிஸ் கொப்புளம் இவற்றில் எது இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

லேசர் செய்து மூன்று வாரம் ஆகிறது. சிவந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கறுத்துவிட்டது. அழுகையாக வருகிறது டாக்டர். இது போகுமா?

போகும் அம்மா. பயப்படாதீர்கள், ஆனால் பொறுமை வேண்டும். காயம் பட்டதும் நம் தோல் மெலனின் என்ற நிறமியை அள்ளிக் கொட்டும். ஃப்ராக்‌ஷனல் லேசர் கட்டம் கட்டமாகப் புள்ளி போடுவதால் கறையும் அதே வடிவில் வருகிறது. மேலோட்டமான கறை சில மாதங்களில் மங்கும்.

இப்போது செய்ய வேண்டியது: லேசர் அடுத்த சிட்டிங்கை நிறுத்துங்கள். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் உள்ள, நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காத கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கு மட்டும், கழுத்துக்குத் தனியாக. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. இரவில் 15 முதல் 20 சதவீத அசெலாயிக் அமிலம். கறையை மங்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், அதையும் மாதக்கணக்கில் நீட்டக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த ‘வெள்ளையாக்கும்’ களிம்பை நீங்களாக வாங்கித் தடவவே வேண்டாம். முதல் வாரம் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலிந்து, விட்டால் சிவந்து எரியும்.

உங்கள் கேள்வியைப் படிக்கும் மற்றவர்களுக்கு: காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதனையாகச் சுட்டு, நான்கு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முழு முகத்துக்குப் போங்கள். மங்கு உள்ளவர்கள் எந்த வெப்பச் சிகிச்சைக்கும் முன்னால் இருமுறை யோசியுங்கள். சூடே மங்கைக் கூட்டும்.

வீட்டிலேயே டெர்மா ரோலர், சிவப்பு ஒளி மாஸ்க் பயன்படுத்தலாமா?

ரோலர் வேண்டாம். உருளும்போது ஊசி சாய்ந்து நுழைந்து தோலைக் கீறும். பரு இருந்தால் கிருமியை முகம் முழுக்கப் பரப்பும். 630 முதல் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி மாஸ்க் பாதுகாப்பானதுதான். பலன் சிறியது, அதுவும் வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில் செய்தால். தொங்கும் தாடையை அது தூக்காது.

30 கிலோ குறைத்தேன். வயிற்றிலும் கையிலும் தோல் தொங்குகிறது. ஆர்.எஃப். உதவுமா?

இவ்வளவு எடையைக் குறைத்தது பெரிய காரியம், வாழ்த்துகள். தொங்கும் தோலைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே கொழுப்பே இல்லாமல் துணி மடிப்பு போல வந்தால், மிஞ்சியிருப்பது வெறும் தோல். அதை எந்த வெப்பமும் சுருக்கி எடுக்காது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். குறைந்தபட்சம் ஆறு மாதம் எடை ஒரே நிலையில் நின்ற பிறகு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். கைச்சதையில் லேசான சுருக்கம் மட்டும் என்றால் ஆர்.எஃப். முயலலாம்.

சிகிச்சை பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிளினிக்கில் காட்டும் போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடியில் தெரியவில்லை.

இரண்டு போட்டோவிலும் விளக்கையும் தலையையும் பாருங்கள். தாடையை அரை அங்குலம் முன்னுக்கு நீட்டினாலே தொய்வு மறையும். நேர் எதிரே வெளிச்சம் விழுந்தால் துளை நிழல் காணாமல் போகும். நீங்களே எடுத்து வையுங்கள்: ஒரே அறை, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சம், ஒரே நேரம், மேக்கப் இல்லாமல், கண் நேர்ப்பார்வை, போனைக் கண் உயரத்தில் ஒரே தூரத்தில் வைத்து, ஃபில்டரை அணைத்து. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று. சிகிச்சைக்கு முன்பும், பிறகு 1, 3, 6 மாதத்திலும்.

நான்கு மாத கர்ப்பம். துளைக்குப் போட்டுவந்த ட்ரெடினாயினைத் தொடரலாமா?

இன்றே நிறுத்திவிட்டு, உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அதைப் போட்டுவந்ததைச் சொல்லுங்கள். பூசும் மருந்து உடலுக்குள் போவது மிகக் குறைவு என்பதால் பதற வேண்டாம். அடாபலீன், ரெட்டினால், சாலிசிலிக் பீல், ஆர்.எஃப்., ஹைஃபூ எல்லாம் பிரசவம் வரை தள்ளி வையுங்கள். அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, சன்ஸ்கிரீன் இந்த மூன்றையும் தொடரலாம்.